பாதியில் நின்ற பயாஸ் அப்டேட்: அம்பாசமுத்திரத்து லேப்டாப் ஒன்றை மீட்ட விவரம்

பயாஸ் என்பது பொத்தானை அழுத்தியதும் கணினியில் முதலில் ஓடி, விண்டோஸை எழுப்பிவிடும் அடிப்படை நிரல். அதன் அப்டேட் பாதியில் நின்றுபோன லேப்டாப்பைக் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் "போர்டு போச்சு" என்றுதான் சொல்கிறார்கள். போர்டில் ஒன்றும் போயிருக்காது. அதன் மேல் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத எட்டுக்கால் சிப் ஒன்று இருக்கும். அதில் எழுதியிருந்தது அரைகுறையாய் அழிந்திருக்கும், அவ்வளவுதான். திரும்ப எழுதிவிட்டால் இயந்திரம் எழுந்துவிடும். ஆனால் எழுதுவதற்கு முன்னால், அந்தச் சிப்பில் மிச்சம் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படித்து எடுத்து வைக்கவேண்டும். நெட்டில் கிடைக்கும் ஏதோ ஒரு கோப்பை எடுத்து நேராக எழுதிவிடுகிறவர்கள் நிறைய பேர். லேப்டாப் ஓடும், ஆனால் அது பழைய லேப்டாப்பாக இருக்காது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

லேப்டாப் என் மைனியுடையது. அம்பாசமுத்திரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம், மனு, வக்கீல் நோட்டீஸ், முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகை. 2017-ல் வாங்கிய இயந்திரம், 7-ஆம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 10. அதில் பழைய டைப்ரைட்டர் முறைத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் உரிமம் அந்த ஒரு லேப்டாப்பின் அடையாள எண்ணோடு கட்டிப் போடப்பட்டது. வேறு இயந்திரத்தில் போட்டால் ஓடாது. மைனிக்கு விரல் பழகியது அந்த விசை முறைதான், பல வருஷக் கோப்புகளும் அந்த எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. ஆகவே புது லேப்டாப் வாங்கிவிடலாம் என்பது இங்கே விடை ஆகாது.

ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் என்றால் அம்பையில் காற்று. மரக்கிளை கம்பியில் உரசினால் கரண்ட் போகும், வரும், திரும்பப் போகும். அந்த நேரம் பார்த்து, லேப்டாப்போடு வந்த அப்டேட் கருவி பயாஸ் புதுப்பிப்பைத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கருவிகள் சார்ஜர் செருகியிருக்கிறதா, பேட்டரியில் இத்தனை சதவீதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கும். ஆனால் சதவீதத்தைத்தான் பார்க்கும், பேட்டரியின் உடல்நிலையைப் பார்க்காது. வயதான பேட்டரி 60 சதவீதம் என்று காட்டும், சார்ஜரைப் பிடுங்கிய நிமிடமே அணைந்தும் போகும். அப்படித்தான் நடந்தது. கரண்ட் போனது, பேட்டரி தாங்கவில்லை, திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு பாதியில் நின்று கறுத்துவிட்டது.

அதற்குப் பிறகு பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டுக் கண் சிமிட்டும், திரை கறுப்பாகவே இருக்கும். சிறிது நேரத்தில் தானே அணைந்து திரும்பத் தொடங்கும். ஊரில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். மதர்போர்டு மாற்றவேண்டும் என்று சொன்ன விலைக்குப் பழைய லேப்டாப்பே ஒன்று வாங்கிவிடலாம். அப்புறம்தான் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி, பாளையங்கோட்டைக்கு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். "தம்பி, மிஷினு போனா போவட்டும். உள்ள கெடக்க பைலும் அந்தத் தமிழ் டைப்பிங்கும் வந்தாப் போதும்" என்றார்கள்.

முதல் வேலை பயாஸ் இல்லை, கோப்புகள். அடி மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்கை வெளியே எடுத்து யூஎஸ்பி பெட்டியில் போட்டு, இன்னொரு கணினியில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். டிஸ்க் நன்றாக இருந்தது, பூட்டும் போட்டிருக்கவில்லை. விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டு போட்ட டிஸ்க்காக இருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் இந்த நகல்கூட நடக்காது. பயாஸ் மாறினால் பிட்லாக்கர் அந்த எண்ணைக் கேட்க வாய்ப்பு அதிகம். ஆகவே யாருடைய லேப்டாப்பைத் தொட்டாலும் அந்த எண் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

நகல் முடிந்ததும் மைனி நிம்மதியாக ஊருக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் என்னிடம்.

கறுப்புத் திரை என்றால் உடனே பயாஸ் என்று முடிவுகட்டக் கூடாது. ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியில் இணைத்துப் பார்த்தேன், அதிலும் படம் இல்லை. ஆகவே திரை மேல் பழி இல்லை. ராம் அட்டையைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினேன், வேறு அட்டையும் போட்டுப் பார்த்தேன். பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். சிறு நாணய பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டேன். எதிலும் மாற்றம் இல்லை. கதையும் அறிகுறியும் ஒன்றையே சொல்கின்றன.

இனி, சிப்பைத் தொடாமலே மீட்கும் வழி. பயாஸ் என்பது ஒரே கட்டி இல்லை. அதில் பூட் பிளாக் என்று ஒரு சிறு பகுதி உண்டு, முதலில் ஓடுவது அதுதான். மற்றதெல்லாம் கெட்டுப்போய் அது மட்டும் பிழைத்திருந்தால், யூஎஸ்பி பென்டிரைவில் பயாஸ் கோப்பு இருக்கிறதா என்று தேடி, எடுத்து, தன்னைத் தானே எழுதிக்கொள்ளும். எந்த விசையை அழுத்தினால் இது நடக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹெச்பி லேப்டாப்களில் விண்டோஸ் விசையோடு பி விசையைப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்தவேண்டும். டெல்லில் கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருகவேண்டும். டெஸ்க்டாப் போர்டுகளில் வேறு ஏற்பாடு: கிகாபைட் பல போர்டுகளில் இரண்டாவது பயாஸ் சிப்பையே வைக்கிறது, அசூஸ் போர்டுகள் பலவற்றில் பின்பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் சிபியு இல்லாமலேகூட பென்டிரைவிலிருந்து எழுதிக்கொள்ளும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கவேண்டும், கோப்பின் பெயர் கம்பெனி சொன்னபடி எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கவேண்டும்.

இதற்கு எப்போதும் விளக்கு வைத்த பழைய பென்டிரைவைத்தான் பயன்படுத்துவேன். விளக்கு சிமிட்டினால் பூட் பிளாக் உயிரோடு இருக்கிறது, கோப்பைப் படிக்கிறது என்று அர்த்தம். இந்த லேப்டாப்பில் எந்தத் துளையில் செருகினாலும் அந்த விளக்கு அசையவில்லை. அப்போதே பூட் பிளாக்கும் போயிருக்கவேண்டும் என்று தோன்றியது. உறுதியாகத் தெரிய சிப்பைப் படிக்கவேண்டும்.

இங்கே ஒரு பழைய விஷயம். மென்பொருளால் பயாஸைக் கொல்ல முடியும் என்று உலகமே தெரிந்துகொண்டது 1999 ஏப்ரல் 26-ல். சிஐஎச் என்ற வைரஸ், செர்னோபில் வைரஸ் என்றும் சொல்வார்கள், அன்றைக்கு எழுந்து ஹார்ட் டிஸ்கை அழித்ததோடு பல போர்டுகளில் பயாஸ் சிப்பையும் கெடுத்தது. அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். பிடுங்கி வேறொன்று செருகிவிடலாம். நம் கையில் இருப்பவற்றில் சிப்பை ஈயம் வைத்துப் போர்டோடு ஒட்டியே விடுகிறார்கள். ஆகவே நமக்கு வேறு கருவி வேண்டும்.

சிப்பைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. எட்டுக் கால், கறுப்பு, ஒரு மூலையில் சிறு குழிப்புள்ளி. அந்தப் புள்ளி இருக்கும் கால்தான் முதல் கால். மேலே எழுதியிருப்பதைப் படிக்கத்தான் கண் வலிக்கும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். இதில் இருந்தது விண்பாண்ட் 25க்யூ64எஃப்வி. 64 என்பது 64 மெகாபிட், அதாவது 8 எம்பி. அதைவிட முக்கியம் கடைசி எழுத்துகள். எஃப்வி என்றால் 3.3 வோல்ட் சிப். அதே 64 எண்ணில் எஃப்டபிள்யூ என்று முடிந்தால் 1.8 வோல்ட். 1.8 வோல்ட் சிப்பில் 3.3 கொடுத்தால் அதோடு மீட்பு முடிந்தது. படிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, கருவியைச் செருகுவதற்கு முன்னால் இன்னொரு தடவை அந்த எழுத்தைப் பாருங்கள்.

சிப்பைப் படிக்க எழுத எல்லோரும் வாங்குவது சிஎச்341ஏ என்ற சிறு யூஎஸ்பி கருவி, சிப்பின் கால்களைக் கவ்விக்கொள்ளும் கிளிப்போடு சேர்த்துச் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும். இதில் எல்லோருக்கும் தெரியவேண்டிய ஒரு குறை உண்டு. கறுப்பு நிறத்தில் வரும் சாதாரண போர்டில், சிப்புக்கு மின்சாரம் 3.3 வோல்ட்தான் போகிறது, ஆனால் தரவுக் கால்களில் 5 வோல்ட் வருகிறது. கருவியின் மூளைச் சிப்பையே 5 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள் என்பதுதான் காரணம். பல சிப்புகள் இதைத் தாங்கிவிடுகின்றன. ஆனால் கிளிப் போட்டுப் படிக்கும்போது அந்த 5 வோல்ட் பயாஸ் சிப்போடு நிற்காது, அதே கம்பியில் இருக்கும், சிபியுவுக்குத் துணையான இன்டெல் சிப்செட்டுக்கும் போகும். அது கெட்டால் அப்போது நிஜமாகவே போர்டு போய்விடும். மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்பவேண்டும். என்னுடையதில் மூளைச் சிப்பின் மின்சாரக் காலைத் தூக்கி 3.3 வோல்ட்டோடு இணைத்து முன்பே திருத்தி வைத்திருந்தேன். ஈயம் வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் மின்னழுத்தம் மாற்றும் வசதியோடு வரும் போர்டாகப் பார்த்து வாங்குவது நல்லது.

கிளிப்பின் சிவப்புக் கம்பி முதல் கால் பக்கம். பேட்டரி, நாணய பேட்டரி, சார்ஜர் எதுவும் போர்டில் இருக்கக் கூடாது. லினக்ஸில் ஃப்ளாஷ்ராம் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். விண்பாண்ட் என்றால் ஈஎஃப், அதற்குப் பின் 40 17. முதலில் ஒன்றுமே வரவில்லை. கால்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்துக் கிளிப்பை நேராக உட்காரவைத்தபின் அடையாளம் வந்தது. படிக்கவும் செய்தது. இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். கோப்பு வந்துவிட்டது என்றால் சரியாகப் படித்தது என்று அர்த்தம் இல்லை. திரும்ப ஒரு முறை படித்து, இரண்டு கோப்புகளுக்கும் ஷா256 கையெழுத்து, அதாவது கோப்பில் இருப்பதிலிருந்து கணக்கிடும் ஒரு நீண்ட எண், எடுத்து ஒப்பிடவேண்டும். ஒரு பிட் மாறினாலும் கையெழுத்து மாறிவிடும். என்னுடையது மாறியது. திரும்பப் படித்தால் மூன்றாவதாக வேறொன்று வந்தது.

இதற்குக் காரணம் தெளிவு. கிளிப் வழியாக நாம் கொடுக்கும் 3.3 வோல்ட் சிப்போடு நிற்பதில்லை, போர்டின் மற்ற பாகங்களுக்கும் கசிகிறது. அரைத் தூக்கத்தில் விழிக்கும் சிப்செட் அதே கம்பிகளில் தானும் கை வைக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கேட்கிறவருக்கு எதுவும் புரியாது. கம்பியைக் குட்டையாக்கினேன், வேறு யூஎஸ்பி துளையில் போட்டேன், வேகத்தைக் குறைக்கலாமா என்று பார்த்தேன். ஒப்பீடு பொருந்தவே இல்லை.

பாளை மார்க்கெட் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். போர்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பார்த்த உடனே, "கிளிப்பப் போட்டு எவ்ளோ நேரம் மல்லுக்கட்டுதிய? கழத்திருவோம்" என்றார். சுற்றியுள்ள சிறு பாகங்களை வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப் வைத்து மூடினார், ஈயம் நன்றாக உருக உதவும் ஃப்ளக்ஸ் தடவினார், சூடான காற்றை மேலே வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஈயம் பளபளக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பளபளத்ததும் இடுக்கியால் தொட்டார், சிப் தானாகத் தூக்கிக்கொண்டு வந்தது. இழுக்கவே இல்லை. இழுத்தால் போர்டில் இருக்கும் செப்புப் பட்டை பிய்ந்து வந்துவிடும். மொபைல் போர்டுகளில் தினமும் கை பழகியவர்கள் நம் ஊரில் இத்தனை பேர் இருக்கும்போது, லேப்டாப் போர்டை ஏன் குப்பைக்கு அனுப்புகிறோம் என்று அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

சிப்பைத் தனியாக சாக்கெட்டில் வைத்துப் படித்தபோது எல்லாம் சரியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே கையெழுத்து. கோப்பின் அளவு சரியாக 83,88,608 பைட். இதை மூன்று இடத்தில் நகல் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இனி இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி: கெட்டுப்போன கோப்பைத் திறந்து பார்ப்பது.

ஃப்ளாஷ் சிப்பில் அழித்தல் என்றால் எல்லா பிட்டையும் 1 ஆக்குவது. ஆகவே அழித்த இடமெல்லாம் ஹெக்ஸில், அதாவது 0 முதல் எஃப் வரை பதினாறு குறிகளால் எழுதும் எண் முறையில், எஃப்எஃப் எஃப்எஃப் என்று தெரியும். எழுதுவது என்றால் தேவையான இடத்தில் 1-ஐ 0 ஆக்குவது. அழிப்பது குறைந்தது 4 கேபி துண்டாக, எழுதுவது 256 பைட் பக்கம் பக்கமாக. இது தெரிந்திருந்தால் கரண்ட் போன நொடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கோப்பே சொல்லிவிடும்.

தொடக்கத்தில், ஹெக்ஸ் முகவரி 10-ல், 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் இருந்தது. அது இன்டெல் டிஸ்கிரிப்டரின் அடையாளம், சிப்பின் எந்தப் பகுதி யாருக்கு என்று சொல்லும் பட்டயம். அது நன்றாக இருந்தது. அதன்படி முதல் 2 எம்பியில் டிஸ்கிரிப்டரும், சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற இன்டெல் நிரலும், முகவரி 200000 முதல் மிச்ச 6 எம்பி பயாஸுக்கு. முதல் 2 எம்பியில் சேதமே இல்லை. பயாஸ் பகுதியின் தொடக்கத்தில் பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் என்விராம் என்ற பகுதி, அதுவும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நிரல் எழுதியிருக்கிறது, எழுதியிருக்கிறது, ஓர் இடத்தில் சட்டென்று நின்று, அங்கிருந்து கோப்பின் கடைசி வரை எஃப்எஃப்தான். நின்ற இடத்து முகவரியின் கடைசி இரண்டு இலக்கமும் பூஜ்யம். அதாவது 256 பைட் பக்கம் ஒன்று முடிந்த சரியான இடம். அம்பையில் கரண்ட் போன இடம் அதுதான்.

கடைசி வரை எஃப்எஃப் என்பதுதான் பென்டிரைவ் விளக்கு எரியாததற்கு விடை. இன்டெல் சிபியு விழித்ததும் முதலில் படிப்பது 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள முகவரியை. பயாஸ் சிப்பின் வால் அங்கே வந்து பொருந்தும்படி அமைத்திருக்கிறார்கள். பூட் பிளாக்கும் அந்த வாலில்தான் இருக்கும். அங்கே எதுவும் எழுதியிருக்காவிட்டால் சிபியுவுக்கு முதல் கட்டளையே இல்லை. கேப்ஸ் லாக் விளக்கைச் சிமிட்டியது சிபியு இல்லை, கீபோர்டையும் காற்றாடியையும் பார்த்துக்கொள்ளும் தனிச் சிப்.

அடுத்து, லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருந்த சீரியல் எண்ணை அந்தக் கோப்பில் தேடினேன். என்விராம் அருகே கிடைத்தது. கொஞ்சம் தள்ளி, கோடுகளோடு சேர்த்து 29 எழுத்து விண்டோஸ் சாவியும் இருந்தது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் கம்பெனிகள் சாவியை ஸ்டிக்கரில் ஒட்டுவதை விட்டுவிட்டு பயாஸ் சிப்புக்குள்ளேயே வைக்கத் தொடங்கிவிட்டன. தட்டச்சு மென்பொருள் பிடித்துத் தொங்கும் யூயூஐடி என்ற அடையாள எண்ணும் இந்தப் பக்கம்தான். கம்பெனி தரும் அப்டேட் கோப்பில் இவை எதுவும் இருக்காது, அது எல்லா லேப்டாப்புக்கும் பொதுவானது. வேறு யாரோ பகிர்ந்த முழு சிப் கோப்பில் இவை இருக்கும், ஆனால் வேறொருவருடையவை. படிக்காமல் எழுதியிருந்தால் லேப்டாப் ஓடியிருக்கும், மைனியின் தட்டச்சு ஓடியிருக்காது.

மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதிக்கும் இதேதான். அது முதல் தடவை ஓடும்போது அந்தப் போர்டுக்கு ஏற்ப தன்னை அமைத்துக்கொள்ளும். வேறு போர்டிலிருந்து எடுத்துப் போட்டால் காற்றாடி முழு வேகத்தில் ஓடுவது, 30 நிமிடத்தில் தானே அணைவது போன்ற தொல்லைகள் வரும். சிப்செட்டுக்குள்ளேயே, பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் இருக்கும் லேப்டாப்களில் அதன் ரகசியங்களும் அங்கேதான் சேமிப்பாகின்றன. சேதமில்லாத சொந்தப் பகுதி கையில் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

கம்பெனி தளத்திலிருந்து அப்டேட்டை இறக்கி 7-ஜிப்பில் பிரித்தால் உள்ளே பயாஸ் கோப்பு வந்தது, 6 எம்பியை விடக் கொஞ்சம் பெரிதாக. தலையில் கூடுதலாக ஒரு முகவுரை ஒட்டியிருக்கும், அதை வெட்டவேண்டும். எங்கே வெட்டுவது? இதற்கும் கெட்ட கோப்பே வழி காட்டியது. அதில் நின்றுபோவதற்கு முன் எழுதப்பட்டிருந்த நிரல், அப்டேட் கோப்பில் இருப்பதோடு பைட்டுக்கு பைட் பொருந்தவேண்டும். தேடினேன், பொருந்தியது. இதனால் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் உறுதியாகிவிட்டது: இந்த மாடலுக்கு, இந்தப் பதிப்புக்கு இதுதான் சரியான கோப்பு, வெட்டவேண்டிய இடமும் இதுதான்.

புதுக் கோப்பு இப்படி ஆனது: முதல் 2 எம்பி மைனியின் சிப்பிலிருந்து அப்படியே, என்விராமும் அடையாளங்களும் இருந்த பகுதி அதே இடத்தில் அப்படியே, மற்ற எல்லாம் அப்டேட் கோப்பிலிருந்து. நிரல் பகுதியில் ஓர் எழுத்தைக்கூடக் கையால் மாற்றவில்லை. 2013-ல் வந்த 4-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெலில் பூட் கார்டு என்ற காவல் உண்டு. கம்பெனி அதை இயக்கியிருந்தால், கம்பெனி டிஜிட்டல் கையெழுத்திட்ட நிரலில் ஒரு பைட் மாறினாலும் இயந்திரம் எழாமல் போகலாம். ஆனால் என்விராம் போல மாறிக்கொண்டே இருக்கும் பகுதிகள் அந்தக் கையெழுத்துக்கு வெளியே இருக்கும். யூஇஎஃப்ஐடூல் என்ற மென்பொருளில் புதுக் கோப்பைத் திறந்து, எல்லாப் பகுதிகளும் முறையாகப் பிரிந்து தெரிகின்றனவா, பிழைச் செய்தி வருகிறதா என்று பார்த்தேன். அளவு திரும்பவும் 83,88,608. கடைசி 16 பைட்டில் இப்போது கட்டளை இருக்கிறது.

எழுதுவது சொல்வதற்கு ஒன்றும் இல்லாத வேலை. ஃப்ளாஷ்ராம் அழித்து, எழுதி, தானே திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நான் தனியாக இன்னொரு முறை படித்துக் கையெழுத்து ஒப்பிட்டேன். அதே பழைய சிப்தான், புதிது வாங்கவில்லை. இந்தச் சிப்புகள் ஒவ்வொரு துண்டும் ஒரு லட்சம் தடவை அழித்து எழுதத் தாங்கும் என்று விண்பாண்ட் சொல்கிறது. பாதியில் நின்ற ஒரு அப்டேட்டால் சிப் கெடாது.

திரும்ப அண்ணாச்சி கடை. புள்ளி இருந்த மூலையைக் கழற்றும்போதே போனில் படம் எடுத்து வைத்திருந்தோம், ஆகவே திசையில் சந்தேகம் இல்லை. ஒட்டி, ஃப்ளக்ஸைத் துடைத்து, பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று மீட்டரில் பார்த்தார். வீட்டுக்கு வந்து ராமும் சார்ஜரும் மட்டும் போட்டு பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது, பிறகு தானே அணைந்து திரும்பத் தொடங்கியது. இந்த இடத்தில் பொறுமை வேண்டும். புது பயாஸ் முதல் தடவை ராமை அளந்து பழகுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும், ஓரிரு முறை அணைந்து எழவும் செய்யும். தொடாமல் இருந்தேன். கம்பெனிச் சின்னம் வந்தது, தேதி நேரம் தவறு என்று ஒரு செய்தி வந்தது. இந்தச் செய்தியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

அமைப்புப் பக்கத்தில் சீரியல் எண் ஸ்டிக்கரில் இருப்பதுதான். ஹார்ட் டிஸ்கைப் போட்டேன், விண்டோஸ் வந்தது, உரிமம் சரியாக இருந்தது. தட்டச்சு மென்பொருள் எதுவும் கேட்காமல் திறந்தது. மேனேஜ்மென்ட் எஞ்சின் சந்தேகம் தீர அரை மணி நேரத்துக்கு மேல் சும்மா ஓடவிட்டேன். அணையவில்லை, காற்றாடியும் அமைதி. மைனிக்கு போன் செய்தால், "நெசமாவா தம்பி? அந்தத் தமிழும் வருதா?" என்று அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

பேட்டரி புதிது மாற்றிவிட்டேன். பயாஸ் அப்டேட் தானாக வருவதை அந்தக் கம்பெனிக் கருவியில் நிறுத்திவிட்டேன். பயாஸ் அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாதுகாப்புக் குறைகளை அடைக்க அவை தேவை. ஆனால் எப்போது என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும். காற்றுக் காலத்தில் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப் ஒரு பத்து நிமிடமாவது தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். தாங்காவிட்டால் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். நடுவில் திரை கறுத்தாலும், காற்றாடி திடீரென்று இரைந்தாலும் பொத்தானைத் தொடவேண்டாம், அப்போதும் எழுதிக்கொண்டு இருக்கலாம்.

மைனி கடையில் பில் போடுவதற்கு ஒரு சிறு டெஸ்க்டாப்பும் இருக்கிறது. நன்றாக ஓடும்போதே அதன் சிப்பையும் படித்து வைத்துவிடலாம் என்று மூடியைத் திறந்து பார்த்தேன். சிப்பின் எழுத்து டபிள்யூ என்று முடிகிறது, 1.8 வோல்ட். அதற்கான அடாப்டர் ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் அம்பைக்குப் போய்ப் படித்து வரவேண்டும்.